இத்தனை காலம் என்ன செய்தீர்?

நீராவி இயந்திரங்கள் ஓடிய காலத்தில், கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் புகையிரதம் ரம்புக்கனையில் சற்று நேரம் தரித்து நிற்கும். அங்கே வண்டிக்கு மற்றோர் இயந்திரத்தையும் பூட்டுவார்கள். அப்பால் எமது கடுகண்ணாவை வரை நாற்பத்தைந்து அடிக்கு ஓரடி வீதம் உயரும் ஏற்றம். பாரமான வண்டியை ஓர் இயந்திரம் தனித்து இழுக்க மாட்டாது. முதன்முறை பயணஞ் செய்பவர், “வண்டி ஏன் சும்மா நிற்கிறது?” என்று சலித்துக்கொள்வார். மலைநாட்டவர் சலிப்பதில்லை. அந்தத் தரிப்பின் காரணத்தை அவர் அறிவார்.

மனித வாழ்விலும் இவ்வாறு தரித்து நின்ற காலங்கள் உண்டு. ஆனால் உத்தியோகத்துக்கு விண்ணப்பித்து நேர்முகப் பரீட்சைக்குச் சென்று அமரும்போது, எதிரே இருப்பவர் அதன் காரணத்தை அறியமாட்டார். அவர் முன்னே இருப்பவை தேதிகள் மட்டுமே. ஒரு வேலை 2021 ஆம் ஆண்டில் முடிந்திருக்கிறது. அதன் பின்னர் இரண்டரை ஆண்டுகளுக்கு ஒரு வரியும் இல்லை. கண்ணாடியைச் சற்றே உயர்த்திக்கொண்டு அவர் வினவுகிறார்: “இத்தனை காலம் என்ன செய்தீர்?” இந்த ஒரு வினாவைப் பற்றியே இவ்வாரம் வாசகர்களோடு உரையாட விரும்புகின்றோம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, எம்மிடம் முன்பு கணக்கியல் பயின்ற இளைஞர் ஒருவர் எமது இல்லத்துக்கு வந்தார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. தேநீர் அருந்தி முடியும் வரை ஊர்ப்புதினங்களைப் பேசிக்கொண்டிருந்தவர், பின்னர் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அவருடைய கதை சுருக்கமானது. க.பொ.த. உயர்தரம் சித்தியடைந்த பின் கண்டியில் ஒரு புடைவைக் கடையில் கணக்கெழுதும் வேலை பார்த்தார். 2021 இல் தகப்பனாருக்குப் பாரிசவாதம் கண்டது. தாயார் தனித்து அவரைத் தூக்கி நிறுத்த இயலாது. தமக்கை மணமாகித் தூரத்தில் இருந்தார். ஆகவே வேலையை விட்டு வீட்டில் இருந்தார் இவர். தகப்பனாரைக் குளிப்பாட்டுவது, உணவூட்டுவது, பேராதனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வது என்று இரண்டரை ஆண்டுகள் கழிந்தன. பின்னர் தகப்பனார் காலமாகிவிட்டார். அதன்பின் கிடைத்ததெல்லாம் நாட்கூலி வேலைகளே. இப்பொழுது ஒரு கம்பெனியில் கணக்கு இலிகிதர் பதவிக்கு நேர்முகப் பரீட்சைக்கு அழைத்திருக்கிறார்கள்.

மேசைமேல் இருந்த கடிதம் நண்பர் ஒருவரின் மாமனார் தந்தது. அவர் மொத்த வியாபாரக் கடை நடத்துபவர். அந்த இரண்டரை ஆண்டும் இந்த இளைஞர் தம் கடையில் கணக்கெழுதியதாக, முத்திரை குத்தி, கையொப்பமிட்டுக் கொடுத்திருந்தார்.

“சேர், இதைக் கொடுத்தால் பிழையா? எனக்குக் கணக்கெழுதத் தெரியுந்தானே! அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால், வீட்டில் சும்மா இருந்தவன் என்றுதானே நினைப்பார்கள்?” என்றார்.

நாம் உடனே மறுமொழி கூறவில்லை. அறிவுரை வழங்கும் தகுதி எமக்கு உண்டா என்ற ஐயமே எம்மை அடக்கியது. ஏனெனில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் இதே வினாவுக்கு நாமே பொய் கூறியவர்கள்.

பட்டம் பெற்றபின் ஒன்றரை ஆண்டுகள் எமக்கு உத்தியோகம் கிடைக்கவில்லை. அரசாங்க நியமனம் வரும் வரும் என்று காத்திருந்தோம். பின்னர் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் ஆசிரியர் வேலைக்கு அழைத்தார்கள். இடைப்பட்ட காலத்தைப் பற்றிக் கேட்டபோது, மேற்பட்ட ஆராய்ச்சிக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்ததாகக் கூறினோம். வினவியவர் முதியவர், மிகவும் சாந்தமானவர். “அப்படியா, மகிழ்ச்சி. எப்பொருளில்? எந்த நூல்களைப் படித்தீர்கள்?” என்று கேட்டார். அவர் குற்றங் காண எண்ணவில்லை; உண்மையான ஆவலோடுதான் கேட்டார். எமக்கோ நா உலர்ந்துவிட்டது. இரண்டு நூற்பெயர்களைத் தடுமாறிக் கூறினோம். அவர் கோவையை மெல்ல மூடி, “நல்லது தம்பி, அறிவிக்கிறோம்” என்றார். அறிவிப்பு வரவேயில்லை.

இதில் வேடிக்கை யாதெனில், அந்த ஒன்றரை ஆண்டும் நாம் உண்மையில் வாளாவிருக்கவில்லை. மாலைதோறும் அயலிலுள்ள தோட்டத்துப் பிள்ளைகள் பதினைந்து பேருக்குத் திண்ணையில் வைத்துப் பாடஞ் சொல்லிக் கொடுத்தோம். மாதாந்தம் கிடைத்தது பஸ் செலவுக்கும் காணாது. பட்டதாரி ஒருவர் திண்ணையில் ரியூசன் கொடுத்தார் என்று சொல்வது மதிப்புக் குறைவு எனக் கருதி மறைத்துவிட்டோம். நாம் விண்ணப்பித்ததோ ஆசிரியர் வேலை! அந்த வேலைக்கு எம்மிடமிருந்த ஒரேயொரு நேரடித் தகுதியை ஒளித்து, இல்லாத ஒன்றைக் காட்டப் புகுந்து, இரண்டையும் இழந்தோம்.

இதனை அந்த இளைஞருக்குக் கூறினோம். கூறியபின் மற்றொருவரின் விண்ணப்பத்தைப் பற்றியும் பேசினோம். அது தமிழுலகம் மறவாத ஒருவருடையது.

கும்பகோணத்துச் சீனிவாச இராமானுஜன் 1904 இல் பள்ளிப் படிப்பைப் பரிசோடு முடித்து, உபகாரச் சம்பளத்துடன் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் தேர்வில் தவறினார்; உபகாரச் சம்பளமும் போயிற்று. பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். 1907 இல் எஃப். ஏ. தேர்விலும் தவறினார். அதன் பிறகு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நிலையான உத்தியோகம் எதுவுமில்லை. மாணவர் சிலருக்குத் தனிப்பாடஞ் சொன்னார். சென்னையிலே ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் தற்காலிக வேலை சிறிது காலம் பார்த்தார். இராமச்சந்திர ராவ் என்னும் பெருந்தகை மாதம் 25 ரூபா கொடுத்து உதவினார். இக்காலத்து நேர்முகப் பரீட்சகர் ஒருவர் கண்டால் புருவத்தை உயர்த்தக்கூடிய வரலாறுதான் இது.

1912 பெப்ரவரி 9 ஆம் திகதி, சென்னைத் துறைமுக நிறுவனத்தில் இலிகிதர் பதவிக்கு அவர் விண்ணப்பம் எழுதினார். சில வாக்கியங்களே கொண்ட கடிதம். மெற்றிக்குலேசன் தேறியதைச் சொன்னார், எஃப். ஏ. வகுப்பு வரை படித்ததைச் சொன்னார். எதிர்பாராத இடர்களால் மேலே படிக்க முடியாமற் போனதை ஒரே தொடரிற் கூறினார். அடுத்த வாக்கியத்தில், அக்காலம் முழுவதையும் கணிதத்துக்கே செலவிட்டு வந்ததாகக் குறிப்பிட்டார். வேலையைச் செவ்வனே செய்ய இயலும் என்ற நம்பிக்கையைத் தெரிவித்து முடித்துக்கொண்டார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் நற்சான்றையும் இணைத்தார். அதே ஆண்டு மார்ச் 1 ஆம் திகதி 30 ரூபாச் சம்பளத்தில் வேலை கிடைத்தது.

இக்கடிதத்தின் அமைப்பைச் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். தேர்வில் தவறியதை அவர் விரித்துரைத்துப் புலம்பவில்லை. தேறினேன் என்று பொய்யும் உரைக்கவில்லை. தடைக்கு ஒரு தொடர். தடைப்பட்ட காலத்தில் செய்ததற்கு ஒரு வாக்கியம். இனிச் செய்ய வல்லதற்கு ஒரு வாக்கியம். அவ்வாக்கியங்களுக்குப் பின்னால் ஆதாரமும் இருந்தது. 1911 இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில் அவருடைய முதற் கட்டுரை வெளியாகியிருந்தது. அந்நிறுவனத்தின் தலைமைக் கணக்காளர் நாராயண ஐயர் தாமே கணிதம் வல்லவராதலின், வந்தவர் யார் என்பதை உணர்ந்துகொண்டார்.

“சேர், அவர் மேதை; நான் எங்கே, அவர் எங்கே?” என்றார் இளைஞர். நியாயந்தான். மேதைமையை இரவல் வாங்க இயலாது. ஆனால் கடிதம் எழுதும் முறையை யாவரும் கற்கலாம் அன்றோ?

நிற்க. வினாவைத் தொடுப்பவரின் உள்ளத்தில் இருப்பது யாது? எமது கல்லூரியிலும் வெளியிலும் நேர்முகப் பரீட்சைக் குழுக்களில் சில தடவைகள் அமர்ந்த அனுபவத்தாற் கூறுகின்றோம். அவருக்கு மூன்று ஐயங்கள் உண்டு. கற்ற தொழில் கைவிட்டுப் போயிருக்குமோ என்பது ஒன்று. வேலையை விடச் செய்த காரணம் மறுபடியும் வந்து, சேர்ந்த சில மாதங்களில் இவர் போய்விடுவாரோ என்பது மற்றொன்று. எதையாவது ஒளிக்கிறாரோ என்பது மூன்றாவது. இம்மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் பெரும்பாலானோர் அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுவர்.

எனவே மறுமொழி ஒரு நிமிடத்துக்கு மேற்படலாகாது. அந்த இளைஞரோடு அமர்ந்து இவ்வாறு ஒன்றை அமைத்தோம்: “2021 இல் என் தகப்பனார் நோயுற்றார். அவரைப் பராமரிப்பதற்காக வேலையை விட்டேன். அவர் காலமாகிவிட்டார், அப்பொறுப்பு நிறைவுற்றது. அக்காலத்தில் எமது ஊர் மரண உதவிச் சங்கத்தின் கணக்குகளை நானே எழுதினேன். கடந்த ஆறு மாதங்களாகக் கணினியிற் கணக்கெழுதும் வகுப்புக்குச் செல்கிறேன். முழுநேரமும் வேலை செய்ய இப்பொழுது ஆயத்தமாக இருக்கிறேன்.” இதிலே ஒரு சொல்லும் கற்பனையன்று. மரண உதவிச் சங்கத்துக் கணக்கை எழுதியதை அவர் ஒரு வேலையாகவே எண்ணியிருக்கவில்லை. நாம் துருவித் துருவிக் கேட்டபின்னரே அது வெளிவந்தது! தம் வாழ்வில் செய்த வேலைகளுள் சம்பளம் வாராதவற்றை எண்ணிப் பார்க்கும் பழக்கம் நம்மவரிடம் இல்லை.

விண்ணப்பப் படிவத்திலும் அவ்வாறே. வெற்றிடத்தைக் கண்டதும் படிப்பவர் மனம் தீயதையே கற்பிக்கும். “குடும்பப் பொறுப்பு, தகப்பனாரின் பராமரிப்பு” என்று மாதமும் ஆண்டும் இட்டு ஒரு வரி எழுதிவிட்டால் கற்பனைக்கு இடமில்லை.

காரணங்கள் பலவகைப்படும். தாமே நோயுற்றிருந்தவர், நோயின் பெயரையும் விவரங்களையும் அவிழ்த்துக் கொட்ட வேண்டுவதில்லை. சுகவீனமுற்றிருந்தேன், இப்பொழுது தேறிவிட்டேன், இந்த வேலையைச் செய்யத் தடையில்லை என்றால் போதும். ஆட்குறைப்பில் வேலையிழந்தவர் அதனை வெட்கமின்றிக் கூறலாம். 2020 இன் தொற்றுநோயும் 2022 இன் பொருளாதார நெருக்கடியும் இந்நாட்டில் எத்தனையோ கடைகளையும் ஹோட்டல்களையும் மூடச் செய்தன என்பதை எதிரே இருப்பவரும் அறிவார். வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் நிலைதான் கடினமானது. அவரும் பழைய முதலாளியை ஏசாமல், தம்மிடம் இருந்த குறை இதுவென்றும், அதனின்று கற்றது இதுவென்றும் இரண்டு வாக்கியங்களிற் கூறுவதே உத்தமம். பழைய முதலாளியை ஏசுபவர் நாளை நம்மையும் ஏசுவார் என்றே கேட்பவர் எண்ணுவார்.

மாணவர்களுக்கு ஒரு சொல். 2021 ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலும், 2022 ஆம் ஆண்டுக்குரியது 2023 ஜனவரியிலுமே தொடங்கின. அந்தத் தாமதம் உங்கள் சோம்பலால் வந்ததன்று. அதற்காகத் தலைகுனிய வேண்டாம். ஆனால் காத்திருந்த மாதங்களில் ஒரு மொழியையேனும், ஒரு கைத்தொழிலையேனும் கற்றீர்களா என்று கேட்டால், கூறுவதற்கு ஒன்று இருத்தல் நன்று.

இனி, பொய்ச் சேவைப் பத்திரத்தைப் பற்றி. அறத்தை ஒரு புறம் வைத்துவிட்டு, வியாபாரக் கணக்காகவே பார்ப்போம். 1958 ஆம் ஆண்டின் சட்டப்படி, தனியார் துறையில் வேலை செய்பவரின் சம்பளத்தில் 8 வீதத்தை அவரும் 12 வீதத்தை முதலாளியும் ஊழியர் சேமலாப நிதிக்குச் செலுத்த வேண்டும். இரண்டரை ஆண்டு கணக்கெழுதியவருக்கு அந்த நிதியில் ஒரு சதமும் சேரவில்லை என்றால், கணக்கு இலிகிதரைத் தேடும் கம்பெனிக்கு அது புலப்படாதா? அன்றியும், பொய்யை ஒரு நாள் மட்டும் சொல்லி முடித்துவிட இயலாது. வேலை கிடைத்துவிட்டால் அதனை நாள்தோறும் காவல் காக்க வேண்டும். பக்கத்து மேசைக்காரர், “அந்தக் கடையில் இன்னாரைத் தெரியுமா?” என்று விளையாட்டாகக் கேட்டாலும் நெஞ்சு படபடக்கும். கடிதம் தந்த பெரியவரின் பெயரும் அதனோடு சேர்ந்து கெடும்.

வேலை கொடுப்பவர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. இடைவெளியைக் கண்ட மாத்திரத்தில் அதனைக் குற்றமாகக் கொள்ள வேண்டாம். 1980 ஜூலை வேலைநிறுத்தத்தை முதியவர்கள் நினைவுகூர்வர். அப்பொழுது புகையிரதப் பகுதியினர் உட்பட நாற்பதாயிரம் அளவிலான ஊழியர்கள் ஒரே வீச்சில் வேலையிழந்தார்கள். அவர்களுட் பலர் பின்னர் ஆண்டுக்கணக்கில் அந்த வெற்றிடத்துக்கு விளக்கஞ் சொல்லி அலைய நேர்ந்தது. முப்பது ஆண்டு யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களின் ஏடுகளிலும் இத்தகைய வெற்றிடங்கள் உண்டு. நாடு பட்ட துன்பம் தனி மனிதரின் விண்ணப்பத்தில் வெற்றிடமாகத் தெரிகின்றது.

தாய்மாரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். தனியார் துறையில் மகப்பேற்று விடுமுறை 84 நாள்கள். மூன்றாம் குழந்தை முதற்கொண்டு 42 நாள்கள் மட்டுமே என்றிருந்த பாகுபாடு 2018 இல் தான் நீங்கியது. எண்பத்து நான்கு நாள்களில் குழந்தைக்குக் கழுத்தும் உறுதியாக நிற்காது. பார்த்துக்கொள்ளப் பாட்டியில்லாத வீட்டில் தாய் வேலையை விடாமல் என் செய்வாள்? ஐந்தாண்டுகள் கழித்து அவள் திரும்பி வந்து எதிரே அமரும்போது, “ஐந்து வருஷமும் வீட்டில் சும்மாவா?” என்று கேட்கும் நாவுக்குக் கொஞ்சம் கூச்சம் வேண்டும்.

அந்தச் “சும்மா” என்ற சொல் கந்தோரிற் பிறந்ததன்று. நம் வீடுகளிலேயே பிறந்தது. “உத்தியோகம் புருஷ லட்சணம்” என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்க்கின்றோம். கல்யாண வீட்டில் உறவினர் கேட்டால், “மகன் கொழும்பிலே ஏதோ செய்கிறான்” என்று தகப்பன் மழுப்புகிறார். மகன் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். வேலையற்றிருப்பது மறைக்க வேண்டிய ஒன்று என்ற முதற்பாடம் அங்கேதான் நடக்கின்றது. பின்னர் நேர்முகப் பரீட்சையில் அவன் பொய் சொன்னால் நாம் வியப்பதேன்? பெற்றோர் தம் பிள்ளையின் நின்ற காலத்தைப் பிறர்முன் நேராகச் சொல்லப் பழகிவிட்டால், பிள்ளையும் பழகுவான்.

அந்த இளைஞர் போகும்போது கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கிழித்துவிடுங்கள் என்று நாம் கூறவில்லை, முடிவு அவருடையது. பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார்.

“சேர், அந்தக் கடிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் கோபிக்கவில்லை.”

“நேர்முகப் பரீட்சை எப்படி, தம்பி?”

“இடைவெளியைப் பற்றி முதலாவதாகவே கேட்டார்கள். நாம் எழுதியபடி சொன்னேன். அங்கிருந்தவர்களில் ஒருவர், தகப்பனாருக்கு எத்தனை வயது என்று கேட்டார். பிறகு கணக்கைப் பற்றியே அரை மணித்தியாலம் கேட்டார்கள். மூன்றுக்கு விடை தெரியவில்லை, தெரியாதென்றே சொல்லிவிட்டேன்.”

இதனை எழுதும் வரை அவருக்குப் பதில் வரவில்லை. வேலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிடினும், அடுத்த இடத்துக்கு அவர் அதே மறுமொழியைத்தான் எடுத்துச் செல்வார். அதனைப் புதிதாகப் புனைய வேண்டிய தேவை அவருக்கு இல்லை. தொலைபேசியை வைக்குமுன் அவர் தாயார் அதனை வாங்கி, “மாஸ்டர், தகப்பனைப் பார்த்ததை அவன் நாலு பேருக்கு முன்னால் வாய்விட்டுச் சொன்னானாம். எனக்கு அது போதும்” என்றார்.

எமக்கும் அது போதுமாகவே இருந்தது.